கூகுள் ஷீட்டும் மேக்கும்: சின்னக் கடைக்கு இது போதுமா?

நண்பர் ஒருவரின் ஜவுளிக்கடைக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டெலிகிராம் சேனல் மூன்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே படத்தை மூன்று இடத்திலும் தனித்தனியாக ஏற்றுவதுதான் இதில் எரிச்சல் பிடித்த வேலை. அதற்காகவே, ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைத் தானாகக் கொண்டுபோகும் மேக் டாட் காமைப் (make.com) பிடித்தேன், இன்னும் விடவில்லை. செக் நாட்டின் பிராக் நகரில் இன்டெக்ரோமேட் என்ற பெயரில் ஆரம்பித்த கருவி இது. 2020-இல் செலோனிஸ் வாங்கியது, 2022-இல் மேக் என்று பெயரை மாற்றினார்கள். பழைய வீடியோக்களில் இன்டெக்ரோமேட் என்று வந்தால் குழம்ப வேண்டாம், அதுவும் இதுதான்.

உங்களிடம் இருப்பது ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாவும் மட்டும் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம். மெட்டா பிசினஸ் சூட்டில் இலவசமாகவே தேதி, நேரம் குறித்து வைக்கலாம். மேக்கின் அருமை தெரிவது, போஸ்ட்டுக்கான சரக்கு ஏற்கெனவே ஒரு ஷீட்டில் இருக்கும்போதுதான். புது லாட் வந்ததும் கடையில் ஒரு வரி சேர்க்கிறார்கள்: படத்தின் லிங்க், விலை, வாசகம், தேதி, கடைசியில் நிலை. மேக் அந்த வரியை எடுத்து மூன்று இடத்திலும் போட்டுவிட்டு நிலையில் 'போட்டாச்சு' என்று எழுதிவிடுகிறது. கோடிங் எதுவும் தேவையில்லை, ஆளுக்கொரு வேலை செய்யும், வட்ட வட்டமாக இருக்கும் மாட்யூல்களை இழுத்து இணைத்தால் போதும், எங்கே சிக்கியது என்று பார்க்க அந்த வட்டத்தின் மேல் தட்டினால் உள்ளே போன தகவலும் வெளியே வந்த தகவலும் அப்படியே தெரியும். இதே வேலையைச் செய்யும் ஸாப்பியரைவிட (Zapier) இது எனக்குப் பிடித்ததற்கு இதுதான் காரணம்.

இனி காசுக்கு வருவோம், பலரும் இடறும் இடம் இது. இலவசத் திட்டத்தில் மாதம் 1,000 கிரெடிட், முன்பு ஆபரேஷன் என்றார்கள். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் சாதாரண மாட்யூல் ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஒரு கிரெடிட் கழியும், ஷீட்டில் புதிதாக ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினாலும் கழியும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னால் நாளுக்கு 96, மாதத்துக்கு 2,880. ஒரு போஸ்ட் கூடப் போடாமலே பதினோராம் நாள் எல்லாம் தீர்ந்துவிடும். அதனால் இடைவெளியை 720 நிமிடம் என்று வைத்து காலை 8, இரவு 8 மட்டும் ஓடவிடுங்கள். பார்ப்பதற்கு மாதம் 60, தினம் இரண்டு போஸ்ட்டை மூன்று தளத்தில் போட்டு ஷீட்டில் குறிக்க 240, ஆக 300-இல் முடிந்துவிடும். ஸாப்பியரில் வெறுமனே பார்ப்பது கணக்கில் சேராது, அது நல்ல விஷயம், ஆனால் இலவசத்தில் மாதம் 100 டாஸ்க்கும் (செய்து முடிக்கும் வேலை) இரண்டே படிகளும்தான், மூன்று தளத்துக்கு அது எந்த மூலைக்கு?

ஷீட்டைப் படிக்க 'வாட்ச் ரோஸ்' என்ற மாட்யூல் வேண்டாம், அது புதிதாகச் சேர்ந்த வரியை மட்டும்தான் பார்க்கும், பழைய வரியில் விலையைத் திருத்தினால் கண்டுகொள்ளாது. 'சர்ச் ரோஸ்' எடுத்து, நிலை 'ஓகே' என்று இருக்கும் வரிகளில் தேதி வந்ததை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அந்த 'ஓகே'யை ஒரு மனிதர்தான் போட வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னை தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததே, அப்படி ஒரு நாளில் 'இன்று மட்டும் அதிரடித் தள்ளுபடி' என்று தானாக ஒரு போஸ்ட் போனால் எப்படி இருக்கும்? கடைக்காரருக்கு மேக்கைத் திறக்கத் தெரியாமல் இருக்கலாம், ஷீட்டில் 'ஓகே'யை அழிக்கத் தெரியும்.

இன்ஸ்டாதான் அதிகம் படுத்தும். கணக்கு புரொஃபஷனல் வகையாக இருக்க வேண்டும், படம் ஜேபெக்காக இருக்க வேண்டும், லிங்க்கைத் திறந்தால் நேராகப் படமே வர வேண்டும். கூகுள் டிரைவின் ஷேர் லிங்க் ஒரு பக்கத்தைத்தான் திறக்கும், அதனால் அது உதவாது. கடைக்கு வெப்சைட் இருந்தால் படங்களை அங்கே ஏற்றி அந்த லிங்க்கைக் கொடுங்கள். வாசகம் 2,200 கேரக்டருக்குள் இருக்க வேண்டும். நமக்கு 'தமிழ்' மூன்று எழுத்து, கேரக்டரை எண்ணும் ஷீட்டின் லென் (LEN) ஃபார்முலாவுக்கு அது ஐந்து, ஆகவே நீளமாக எழுதுகிறவர்கள் பக்கத்திலேயே லென் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வரிசையாகப் பிழை வந்தால் மேக் அந்த சினாரியோவையே, அதாவது நீங்கள் இணைத்து வைத்த மாட்யூல் வரிசையையே, நிறுத்திவிடும். பிழை வந்ததும் உங்கள் டெலிகிராமுக்கு ஒரு மெசேஜ் வரும்படி எரர் ஹேண்ட்லரை (பிழை வந்தால் மட்டும் ஓடும் பகுதி) இணைத்துவிடுங்கள், அந்த மெசேஜை அனுப்பும் டெலிகிராம் பாட் (bot) கணக்குக்குக் காசு கிடையாது. சர்வர் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இதே மாதிரிக் கருவியான என்8என்னைச் (n8n) சொந்தமாக நிறுவிக்கொள்ளலாம், கிரெடிட் தொல்லையே இல்லை. மற்றவர்களுக்கு மேக்கே போதும். ஃபேஸ்புக் இணைப்பை மட்டும் கடை உரிமையாளரின் ஐடியிலிருந்தே கொடுக்கச் சொல்லுங்கள், வேலை பார்க்கும் பையனின் ஐடியில் கொடுத்தால் அவன் பேஜ் அட்மினிலிருந்து விலகும் அன்றே எல்லாம் நின்றுவிடும்.