ஆட்டோ லூப்: ரெசிஸ்டன்ஸா, இன்ஜெக்டரா, புரோகிரெசிவா?

சிங்கப்பூரில் துவாஸ், ஊபி பக்கம் மெஷின் ஷாப்புகளில் ஆட்டோ லூப், அதாவது மெஷினின் நகரும் பாகங்களுக்குத் தானாக எண்ணெய் விடும் அமைப்பு, பற்றிப் பேச்செடுத்தால், டேங்க் எத்தனை லிட்டர், பம்ப் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பம்பும் வகைக்கு வகை கொஞ்சம் மாறும். ஆனால் பெரிய வித்தியாசம் லைனின் மறுமுனையில் இருக்கிறது, எண்ணெயைப் பங்கு பிரிக்கிற சின்ன உலோகத் துண்டில். அது அடைத்துக்கொண்டால் மெஷின் நம்மிடம் சொல்லுமா, மாட்டாதா? ரெசிஸ்டன்ஸ், இன்ஜெக்டர், புரோகிரெசிவ் என்ற மூன்று வகைகளையும் நான் எடைபோடுவது அதை வைத்துத்தான்.

பழைய மில்லிங் மெஷின்களிலும் கை பம்ப் வைத்த லேத்களிலும் அதிகம் பார்ப்பது ரெசிஸ்டன்ஸ் வகை. எண்ணெய் போய்ச் சேரும் ஒவ்வொரு பாயிண்டிலும் எண்ணெயை அளந்து விட ஒரு மீட்டர் யூனிட், அதற்குள் நுண்ணிய வழி, ஒரு ஃபில்டர், எண்ணெய் பின்னால் திரும்பாமல் தடுக்க ஒரு செக் வால்வு, அவ்வளவுதான். ஊரில் சொட்டுநீர்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்: ஒரு டிரிப்பரில் உப்பு அடைத்தாலும் மற்றவை பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும், செடி வாடிய பிறகுதான் நமக்குத் தெரியும். இங்கே வாடுவது மேஜையை நகர்த்தும் பால் ஸ்க்ரூ, அதன் விலை உங்களுக்கே தெரியும். எண்ணெயின் கெட்டித்தன்மை மாறினால் பாயும் அளவும் மாறலாம் என்பதை இதன் பெரிய குறையாகச் சொல்வார்கள். குளிர்நாட்டில் சரி, சிங்கப்பூரில் வருஷம் முழுக்க ஒரே சூடு, அதனால் அந்தக் குறையைப் பாதி தள்ளுபடி செய்துவிடலாம். ஆனால் 68 கிரேடு எண்ணெய் கேட்கிற டேங்கில் ஸ்டோரில் கிடந்த 32-ஐ ஊற்றிவிட்டு வெயிலைக் குறை சொல்லக் கூடாது. 40 டிகிரியில் 32-இன் கெட்டித்தன்மை 68-இல் பாதிகூட இல்லை.

இன்ஜெக்டர் வகையில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனி பிஸ்டன், தனி அளவு. 0.03 சிசி என்றால் 0.03 சிசிதான், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும். பம்ப் ஓடி பிரஷர் ஏற வேண்டும், பிறகு பம்ப் நின்றதும் பிரஷர் இறங்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கேஜ் முள் மேலே போனதும் "ஓகே" என்று நகர்ந்துவிடுவார்கள், ஆனால் ரிலீஃப் வால்வு சிக்கிக்கொண்டால் முள் கீழே வராமல் அங்கேயே நிற்கும், பிஸ்டன் திரும்பாது, அடுத்த டோஸ் போகாது, பார்க்கிறவருக்கோ எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். மெயின் லைன் அறுந்தால் பிரஷர் ஏறாது, லைனில் இருக்கும் பிரஷர் ஸ்விட்ச் அதைக் கண்டு அலாரம் அடிக்கும். ஒரே ஒரு இன்ஜெக்டர் அடைத்தால்? இதுவும் வாய் திறக்காது.

புரோகிரெசிவ் அப்படியில்லை. ஒரு பிளாக்குக்குள் பிஸ்டன்கள் வரிசையாக நகரும், ஒன்று நகர்ந்தால்தான் அடுத்ததற்கு வழி திறக்கும். ஒரு பாயிண்ட் அடைத்தால் மொத்தமும் நின்று, பிஸ்டன் அசைவை எண்ணும் சென்சார் எண்ணுவதை நிறுத்தி, அலாரம் வந்துவிடும். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு இதுதான் பெரிய பலமாகத் தெரிகிறது. தகடு அடிக்கும் பிரஸ் மாதிரி அடி வாங்குகிற மெஷினுக்கு இதைத் தவிர வேறு எதையும் யோசிக்க மாட்டேன். ஆனால் பிளாக்கைத் தாண்டிய டியூப் அறுந்தால் இதற்கும் தெரியாது, பிளாக் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும், எண்ணெய் தரையில் இருக்கும். அப்புறம், வேண்டாத அவுட்லெட்டை பிளக் போட்டு அடைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், பல பிளாக்குகள் அதோடு நின்றுவிடும். பக்கத்து அவுட்லெட்டோடு முறைப்படி சேர்க்க வேண்டும். இரண்டு மெயின் லைன் வைத்த ட்யூயல் லைன் என்றொரு வகையும் உண்டு, ஸ்டீல் மில் மாதிரி பெரிய ஆலைகளுக்கு, நம் ஷாப்புக்கு அது தேவையில்லை.

"கொஞ்சம் அதிகமாகப் போனால் என்ன, நல்லதுதானே" என்று, பம்ப் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓடும் என்று வைக்கிற டைமரைக் குறுக்கி வைக்கிற பழக்கம் இங்கே நிறைய. வழிகிற எண்ணெய், வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலண்ட் நீரின் டேங்கில் மேலாக ஏடு கட்டும், அடியில் காற்றில்லாமல் பாக்டீரியா பெருகும், ஞாயிறு மெஷின் நின்றிருந்தால் திங்கள் காலை முட்டை அழுகிய நாற்றம். அந்தக் கூலண்டைச் சாக்கடையில் விட முடியாது, தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும், அதற்கும் பில் வரும். இந்தக் கணக்கைப் போட்டால், அளந்து விடும் இன்ஜெக்டரின் கூடுதல் விலை உறுத்தாது.

ஆக, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சாதாரண சிஎன்சி மெஷினுக்கு நான் இன்ஜெக்டர் பக்கம். ஏற்கெனவே ரெசிஸ்டன்ஸ் இருக்கிற மெஷினில் அதைப் பிடுங்கிப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு பாயிண்டாக நட்டைக் கழற்றி, அடியில் வெள்ளை டிஷ்யூ வைத்து, லூப் பட்டனை அழுத்திப் பாருங்கள். எண்ணெய் நனைத்தால் சரி, காய்ந்திருந்தால் மீட்டர் யூனிட்டை மாற்றுங்கள், ஊசியால் குத்தாதீர்கள். சீனப் புத்தாண்டு லீவு முடிந்து மெஷினைத் தொடும்போதும் கட்டிங்குக்கு முன்னால் அதே பட்டன்தான்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் கொட்டேஷனில் பம்ப் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், பிரஷர் ஸ்விட்சை கண்ட்ரோலரில் வயர் பண்ணித் தருவார்களா என்று கேளுங்கள். சில மெஷின்களில் ஸ்விட்ச் மாட்டியிருக்கும், வயர் மட்டும் எங்கேயும் சேராமல் கேபினட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.