ஹார்ன் ஆன்டெனா வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு: என் ₹68,400 போய்விட்டது

ஒயர்லெஸ் இன்டர்நெட் தொழிலில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஆறு ஹார்ன் ஆன்டெனா, ஒன்று ₹11,400, மொத்தம் ₹68,400. வந்தது ஹார்னே இல்லை. பணமும் திரும்பவில்லை. ஊர் ஊராக இருக்கிற வியாபாரிகளை ஒரே இடத்தில் காட்டும் ஆன்லைன் மொத்த விற்பனைத் தளம் ஒன்றில் வாங்கினேன். இனி யாரும் இப்படி மாட்டக்கூடாது, எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

மேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு டவரில் ரேடியோ வைத்து லைன் கொடுக்கிறேன். எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையைப் பயன்படுத்தத் தனி லைசென்ஸ் வேண்டாம் என்று 2018இல் அரசு அறிவித்ததிலிருந்து மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ரேடியோ. என்னிடம் இருந்த, 120 டிகிரி அகலத்துக்கு சிக்னல் வீசும் செக்டார் ஆன்டெனா முன்பக்கம் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் பின்னாலும் கசியும். கசிகிற வழியாகத்தான் அடுத்தவர் இரைச்சலும் உள்ளே வரும். பவரைக் கூட்டினால் தீராது, அடுத்தவரும் கூட்டுவார். ஹார்ன் என்பது உலோகக் கூம்பு. செக்டாரைவிட கெயின் (சிக்னலை ஒரு திசையில் குவித்துக் கூட்டும் அளவு) குறைவுதான், ஆனால் பீமுக்கு, அதாவது அது பார்க்கும் திசைக்கு, வெளியே இருப்பது அதன் காதில் அவ்வளவாக விழாது. சந்தைக்குள் நின்றுகொண்டு காதோரம் கையைக் குவித்துக் கேட்பது மாதிரி. அதனால்தான் 60 டிகிரி ஹார்ன் ஆறு வைத்து டவரைச் சுற்றி மூடிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

தளத்தில் அந்த வியாபாரியின் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பச்சை டிக் இருந்தது. போன் எடுத்தவர் நல்ல தமிழில் பேசினார். “நமக்கும் திருமங்கலம்தான் அண்ணே” என்றார். டவர் எத்தனை அடி, பக்கத்தில் யார் யார் ரேடியோ இருக்கிறது, எந்த சேனலில் ஓட்டுகிறேன், சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸா 40ஆ என்று வரிசையாகக் கேட்டார். சரக்கைத் தள்ளிவிட நினைப்பவன் இதையெல்லாம் கேட்பானா? பீம் எப்படிப் போகும் என்ற வரைபடத்தையும் அனுப்பினார். “பக்கவாட்டுல ஒண்ணுமே போகாது அண்ணே, நான் பொறுப்பு.” அந்த ‘நான் பொறுப்பு’க்குத்தான் முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

மாட்டிய அன்றே தெரிந்துவிட்டது. இரைச்சல் மட்டம் மைனஸ் 95 பக்கம் இருக்கவேண்டிய இடத்தில் மைனஸ் 78, அதாவது 17 டெசிபல் கூடுதல் இரைச்சல். வாடிக்கையாளர் சிக்னல் மைனஸ் 70. நடுவே 8 டெசிபல்தான். நல்ல வேகம் கிடைக்க 25, 30 டெசிபலாவது இடைவெளி வேண்டும். பழைய செக்டாரே தேவலை. இ-சேவை மையம் நடத்தும் அக்கா போன் மேல் போன்: “தம்பி, சான்றிதழுக்கு வந்த ஜனம் வாசல்ல நிக்குது, என்னத்தச் சொல்லி அனுப்ப?”

ஒன்றை இறக்கிப் பின்பக்கத் திருகைக் கழற்றினேன். கூம்பு வடிவம் வெளி பிளாஸ்டிக்கில் மட்டும். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை சர்க்யூட் தகடு, அதில் மெல்லிய ஒயரைப் பற்றவைத்திருக்கிறது. ‘5 கிகாஹெர்ட்ஸ்’ ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: 1700–2700 மெகாஹெர்ட்ஸ். மொபைல் சிக்னலுக்கான சாதாரண ஆன்டெனா! வயிறு எரிந்தது.

போட்டோ அனுப்பினேன். முதலில் “அலைன்மென்ட் சரியா பண்ணுங்க அண்ணே” என்றார். அப்புறம் “ரேடியோல சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுப் பாருங்க”. அப்புறம் அண்ணே போய் ‘சார்’ ஆனது. “நீங்க பிரிச்சுட்டீங்க சார், வாரன்டி கிடையாது.” இப்போது போனே எடுப்பதில்லை. தளத்தில் கேட்டால் “நாங்கள் வெறும் இடைத்தரகர், விற்றவரிடமே பேசுங்கள்” என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார்கள். ஜிஎஸ்டி பில் போட்டு வாங்கியதால் நான் நுகர்வோரே இல்லையாம். சுயதொழில் செய்து பிழைக்க மட்டும் பொருள் வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் சட்டத்திலேயே இருக்கிறது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும் என்று 2020 இ-காமர்ஸ் விதியும் இருக்கிறது. எழுதி அனுப்பினேன். அதற்கும் அதே பதில். ₹68,400 எனக்கு எத்தனையோ வீட்டு மாதச் சந்தா.

அந்த ஆள் இப்போது ‘60 டிகிரி, 20 டிபிஐ ஹார்ன்’ என்று புதிதாக ஒன்றைப் போட்டிருக்கிறார். எல்லாப் பக்கமும் 60 டிகிரி விரியும் பீமில் 20 டிபிஐ கெயின் வரவே வராது, 13 பக்கம் வந்தாலே பெரிது. அதைப் பார்த்தால் தொடாதீர்கள். முழுப் பணம் முன்கூட்டிக் கட்டாதீர்கள். ஒன்றே ஒன்று வாங்கி டவரில் ஏற்றிப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள், உள்ளே உலோகக் கூம்பு இருக்கிறதா என்று எடையையும் பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் பக்கம் இதே மாதிரி இரட்டை ஸ்டிக்கர் ஆன்டெனா வாங்கியவர்கள் இருந்தால் பில்லோடு உடனே செய்தி அனுப்புங்கள், எல்லாப் புகாரையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பலாம்.