ஆயிரம் லீற்றர் சாண எரிவாயுத் தொட்டி: பாதுக்கக் காணியில் இரண்டு வருடப் பாவனை

சாணத்திலும் குசினிக் கழிவிலும் இருந்து சமையலுக்கு வாயு எடுக்கும் இந்தத் தொட்டியை 2023 மார்ச்சில் ஒரு சிறிய பட்டறையிடம் 118,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். ஆயிரம் லீற்றர் கொள்ளும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, அதற்குள் கவிழ்த்து வைத்த இன்னொரு தொட்டி. வாயு சேரச் சேர மேல் தொட்டி எழும்பும், அடுப்பெரிய எரிய இறங்கும். காலையில் குசினி யன்னலால் எட்டிப் பார்த்தாலே அன்றைக்கு எவ்வளவு நேரம் சமைக்கலாம் என்று தெரிந்துவிடும். காணியும் தோட்டமும் வைத்திருப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். காஸ் செலவை மிச்சம் பிடிக்க மட்டும் என்றால் வேண்டாம். ஏன் என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன்.

காணி அப்பாவுடையது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தபோது 1978 இல் கொழும்பு மாவட்டத்துப் பாதுக்கவில் அறுபது பேர்ச் வாங்கி, ஒன்பது தென்னையும் இரண்டு பலாவும் நட்டார். வீடு கட்ட நினைத்திருந்தார். 1983 ஆடிக் கலவரத்தோடு அந்த எண்ணம் போயிற்று. கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. திரும்பி வந்த பிறகும் அப்பா அந்தக் காணியில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. ஆனால் விற்கவும் இல்லை. அத்தனை வருடமும் எல்லை வேலியைக் கட்டிக் காத்தவர் பக்கத்துக் காணிச் சிங்களப் பெரியவர். தேங்காய் விற்ற பணத்தைக்கூட ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தார். அப்பா காலமான பின் காணி என் பெயருக்கு வந்தது. 2022 இல் காஸ் வரிசையில் நின்று நின்று அலுத்த பிறகு, வெள்ளவத்தை வாடகை வீட்டை விட்டுவிட்டு அங்கே இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டிக்கொண்டு போனோம். அம்மா, நான், கணவர், இரண்டு பிள்ளைகள். கணவர் இன்னமும் களனிவெளிப் பாதை ரயிலில் மருதானைக்கு வேலைக்குப் போய் வருகிறார். முடிந்தவரை எங்கள் சாப்பாட்டை எங்கள் மண்ணிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதே எண்ணம்.

தொட்டி வந்த அன்று அம்மா அருகிலேயே போகவில்லை. 2021 கடைசியில் நாடு முழுவதும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் அவர் மனதில் அப்படியே இருந்தன. பட்டறைக்காரர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சிலிண்டருக்குள் காஸ் மிகுந்த அழுத்தத்தில் திரவமாக அடைபட்டிருக்கிறது. இங்கே மேல் தொட்டியின் பாரம் மட்டும்தான் அழுத்தம், சில அங்குல நீரின் அழுத்தத்துக்கு மேல் போகாது. கூடினால் ஓரத்தால் குமிழ் விட்டு வெளியேறிவிடும். அவர் சொன்னது சரி. ஆனாலும் எரியக்கூடிய வாயு எரியக்கூடிய வாயுதான். தொட்டியைக் குசினியிலிருந்து முப்பது அடி தள்ளியே வைத்தோம், குழாய்க்கு இரண்டு இடத்தில் வால்வு போட்டோம்.

முதல் நிரப்புதலுக்கு இருநூறு கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். பக்கத்துக் காணிப் பெரியவருடைய இரண்டு பசுக்களிடமிருந்து சேர்த்தோம். பிறகு காத்திருக்க வேண்டும். முதலில் எழும்பிய வாயு எரியவே இல்லை. அது பெரும்பாலும் கரியமிலவாயு என்பதால் திறந்து விட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பத்தொன்பதாம் நாள் நீலச் சுவாலை வந்தது. என் இளைய மகள் முதல் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். அம்மா வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, மணம் இல்லையே!" என்றார். உண்மைதான். எரியும்போது மணம் இல்லை. குழாய் கழன்றால் மட்டும் கூழ்முட்டை மணம் வரும். அது கசிவைக் காட்டிக்கொடுப்பதால் எனக்கு அதுவும் நல்லதாகவே படுகிறது.

இப்போது கணக்கு. தினமும் ஒரு வாளி சாணம், ஏறத்தாழ ஐந்து கிலோ. குசினிக் கழிவு மூன்று கிலோ. எட்டு லீற்றர் தண்ணீர். இதற்கு ஒரு நாளில் ஐம்பது முதல் அறுபது நிமிடம் ஒற்றை அடுப்பு எரிகிறது. காலைப் புட்டும் ஒரு கறியும் தேத்தண்ணியும் ஆகும், மதியச் சோறு ஆகாது. விற்கும்போது "இனி சிலிண்டரே தேவைப்படாது" என்றார்கள். ஐந்து பேர் சாப்பிடும் வீட்டுக்கு அது நடக்காத காரியம். முன்பு 12.5 கிலோ சிலிண்டர் 28 நாள் வந்தது, இப்போது 40 நாள் வருகிறது. வருடத்துக்கு நான்கு சிலிண்டர் மிச்சம். 2025 இல் இருந்த விலை ஏறத்தாழ 3,700 ரூபாய் என்று பார்த்தால் வருடம் 14,800 ரூபாய். போட்ட பணம் காஸால் மட்டும் திரும்பிவர எட்டு வருடம் வேண்டும். இதை விற்பவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். நானாகத்தான் கணக்குப் போட்டு அறிந்தேன்.

இந்தத் தொட்டியின் அருமை மறுபக்கக் குழாயால் வெளிவரும் கரைசலில் இருக்கிறது. உள்ளே போகும் அளவுக்குத் தினமும் பதினைந்து லீற்றர் வெளியே வரும். பாதுக்க மண் செம்மஞ்சளாக, கபுக் என்னும் செம்புரைக்கல் கலந்து, புளிப்புத்தன்மையோடு இருப்பது. மழை அதிகம், சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். முதல் வருடம் அம்மா நட்ட பயற்றங்காய் மஞ்சளாகி நின்றது. அம்மா யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவர். உரத்துக்காகக் குழை தாழ்ப்பதும் பனையோலை புதைப்பதும் மாட்டுப் பட்டி அடைப்பதும் அவருக்குக் கைவந்தவை. இந்த மண்ணில் எதுவும் நிற்கவில்லை என்று மனம் நொந்திருந்தார். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியபோது விவசாயிகள் பட்ட பாட்டையும் பார்த்தவர்கள் நாங்கள். இயற்கை உரத்துக்கு மாறுவதென்றால் உரம் முதலில் கையில் இருக்க வேண்டும்.

கரைசலை ஒன்றுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து வேரடியில் ஊற்றினோம். சாணத்தில் இருந்த நைதரசன் தொட்டிக்குள் அழிவதில்லை. அதில் ஒரு பங்கு செடி உடனே எடுக்கக்கூடிய அமோனியாவாக மாறியிருக்கும். அதனால்தான் பச்சைச் சாணம் மாதக்கணக்கில் செய்வதை இது வாரக்கணக்கில் செய்கிறது. பத்தாம் நாள் கங்குன் கீரையின் இலை கரும்பச்சையாயிற்று. பசளி, வல்லாரை, கத்தரி, இராசவள்ளி என்று ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வெயிலில் திறந்து வைத்தால் அந்த அமோனியா பறந்துவிடும். எடுத்த அன்றே ஊற்ற வேண்டும், அல்லது சருகு போட்டு மூடிக் கூட்டெருக் குவியலில் சேர்க்க வேண்டும். இரண்டு வருடமாக நாங்கள் கூட்டெரு மூடை ஒன்றுகூட வாங்கவில்லை. மீகொடச் சந்தையில் வாங்குவது இப்போது உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான். பக்கத்துக் காணிப் பெரியவர் தன் மிளகுக் கொடிகளுக்கு வாரம் இரண்டு வாளி கரைசல் எடுத்துச் செல்கிறார், சாணத்துக்குப் பணம் வாங்குவதில்லை.

குறைகளும் உண்டு. குழாயில் நீர் தேங்கும் என்று யாரும் சொல்லவில்லை. தொட்டியிலிருந்து வரும் வாயுவில் நீராவி இருக்கும். குளிர்ந்ததும் குழாயின் தாழ்ந்த இடத்தில் நீராகி அடைக்கும். மூன்றாம் மாதம் சுவாலை துள்ளித் துள்ளி அணைந்தது. தாழ்ந்த இடத்தில் ஒரு மும்முனை மூட்டுப் போட்டு, அடியில் போத்தல் மாட்டியிருந்தால் போதும். 400 ரூபாய் வேலை. அதேபோல, கூழ்முட்டை மணம் தரும் வாயு இரும்பை அரிக்கும். பதினான்காம் மாதம் அடுப்பின் வாய் துருப்பிடித்து உதிர்ந்தது. வழியில் இரும்புத் தூள் நிரப்பிய சிறு குழாய் ஒன்று வைத்திருந்தால் பெரும்பகுதி அங்கேயே பிடிபட்டிருக்கும். இந்த இரண்டும் தொட்டியோடு சேர்ந்தே வர வேண்டியவை. அறிவுறுத்தல் தாளும் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. தமிழில் ஒரு பக்கம் தந்திருந்தால் அம்மா தானே படித்திருப்பார்.

ஒரு பிழை எங்களுடையது. 2023 பலாப்பழக் காலத்தில் பழக்கழிவான சடையையும் பொச்சையும் ஒரே வாரத்தில் வாளி வாளியாகப் போட்டோம், தேசிக்காய்த் தோலும் சேர்ந்தது. தொட்டி எழும்பவில்லை. மூடியைத் திறந்த அம்மா, "தோசை மா புளித்ததுபோல் இருக்கிறது" என்றார். அதுதான் நடந்திருந்தது: அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருக, மெதேன் உண்டாக்குபவை அந்தப் புளிப்பில் முடங்கிவிட்டன. பட்டறைக்கு அழைத்தேன். அடுத்த நாளே ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். "அக்கா, ஒரு கிழமைக்கு ஒன்றுமே போட வேண்டாம். பிறகு சாணம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக" என்றார். பதினோராம் நாள் சுவாலை திரும்பியது. வந்ததற்குப் பணம் கேட்கவில்லை. 2024 ஜூன் முதல் வாரத்துப் பெருமழையில் மேல் தொட்டி சாய்ந்து சிக்கியபோதும் தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் வந்து நிமிர்த்தி, இரண்டு வழிகாட்டிக் கம்பிகளை இலவசமாகப் பொருத்திவிட்டுப் போனார். இந்தச் சேவைக்காகவே விற்பனைப் பேச்சில் இருந்த மிகைப்படுத்தலை மன்னிக்கிறேன்.

யாருக்கு இது சரிவராது என்பதையும் சொல்ல வேண்டும். தெகிவளையிலும் வெள்ளவத்தையிலும் மாடி வீட்டில் இருக்கும் உறவினர்கள் கேட்கிறார்கள். தினமும் வெளிவரும் பதினைந்து லீற்றர் கரைசலை அங்கே எங்கே ஊற்றுவது? அடைத்துக் கிடக்கும் கானுக்குள்ளா? வாரக்கணக்கில் வெளியூர் போகிறவர்களுக்கும் சரிவராது. மாட்டுக்கு வைக்கோல் போடுவதுபோல் இதற்கும் தினமும் போட வேண்டும். எங்கள் வீட்டில் அது காலை ஆறு மணி வேலை, அம்மாவும் மூத்த மகனும் முறை வைத்துச் செய்கிறார்கள்.

ஐந்துக்கு நான்கு புள்ளி கொடுப்பேன். வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்பே நீர் பிடிக்கும் போத்தல், இரும்புத் தூள் குழாய், வழிகாட்டிக் கம்பி மூன்றையும் விலைக்குள் சேர்த்துப் பொருத்தித் தரும்படி கேளுங்கள். தொட்டியைத் தோட்டத்தின் மேட்டுப் பக்கம் வையுங்கள். நாங்கள் பள்ளத்தில் வைத்துவிட்டதால் ஒவ்வொரு வாளியையும் அம்மா மேலே தூக்க வேண்டியிருக்கிறது. வரும் தையில் அதை மேலே மாற்றப் போகிறோம்.