பொய்ச் செய்தியைத் தயாரித்துப் பழகுவோம்: ‘பேட் நியூஸ்’ இணைய விளையாட்டு

பொய்ச் செய்தியை நம்பாதே என்று மாணவர்களுக்கு அறிவுரை சொல்லிச் சலித்த ஆசிரியர்களுக்கு, அந்தப் பொய்யை மாணவர்கள் கையாலேயே தயாரிக்க வைக்கும் ‘பேட் நியூஸ்’ ஒரு நல்ல மாற்று. பொய்ச் செய்தியை எதிர்த்து இயங்கும் நெதர்லாந்தின் ட்ரோக் குழுவும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்களும் சேர்ந்து 2018இல் இதை வெளியிட்டனர். கட்டணம் கிடையாது, உலாவியிலேயே ஆடலாம், இருபது நிமிடங்களில் முடிந்துவிடும்.

அரட்டைப் பெட்டி போன்ற திரையில், தரப்படும் பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போக வேண்டும். நம்பகத்தன்மை சரிந்துவிடாமல் ஃபாலோயர் எண்ணிக்கையைப் பெருக்குவதே ஆட்டம். ஆள்மாறாட்டம், உணர்ச்சியைத் தூண்டுதல், பிளவுபடுத்துதல், சதிக்கதை, எதிர்ப்பவரை மட்டம் தட்டுதல், வம்பிழுத்தல் என ஆறு தந்திரங்களுக்கும் ஒவ்வொரு பேட்ஜ் உண்டு. ஆள்மாறாட்டக் கட்டத்தை முடித்த பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு இன்ஸ்டாகிராமைத் திறந்து, தான் பின்தொடரும் கிரிக்கெட் வீரரின் கணக்குப் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தான். நான் ஒரு பருவம் முழுவதும் சொல்லியும் அவன் செய்யாத காரியம் அது.

ஆடியவர்கள் பொய்ப் பதிவுகளின் நம்பகத்தன்மைக்கு முன்பைவிடக் குறைந்த மதிப்பெண் தந்தனர் என்று, சுமார் 15,000 பேரின் பதில்களைக் கொண்டு, உருவாக்கியவர்கள் 2019இல் எழுதினார்கள். ஆனால் இவ்வகை விளையாட்டுகளின் தரவுகளை வேறு ஆய்வாளர்கள் அலசி 2023இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது: ஆடியவர்களுக்குப் பொய்யையும் மெய்யையும் பிரித்தறியும் திறன் கூடியதைவிட, எல்லாவற்றையும் சந்தேகிக்கும் போக்கே கூடியிருந்தது. இதே ஆட்டத்தை வாட்ஸ்அப் சூழலுக்கு ஏற்ப மாற்றி வட இந்தியாவில் இந்தியில் சோதித்துப் பார்த்தபோதும் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை.

காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. இது தந்திரங்களை அடையாளம் காட்டுகிறதே தவிர, ஐயம் வந்த பிறகு எங்கே போய்த் தேடுவது என்று கற்றுத்தருவதில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ரஷ்யாவில் எடுத்த வாக்குச்சீட்டு மோசடிக் காணொளி ஒன்றை அமெரிக்கத் தேர்தலில் நடந்தது என்ற குறிப்போடு உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குக் காட்டினார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அதை வலுவான ஆதாரம் என்றனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் மூலத்தைக் கண்டுபிடித்தவர்கள் மூன்றே பேர். அதற்கு வேண்டியிருந்ததோ, இணையத்தில் ஒரு சிறு தேடல்தான்.

ஆகவே ஒரு பாடவேளையில் பாதியை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். நான் ஆடவைத்தது ஆங்கிலப் பதிப்பு என்பதால் இருவர் இருவராக உட்காரவைத்து, கடினமான வரிகளை நானே தமிழில் சொன்னேன். மீதிப் பாதியில், அன்று காலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு படத்தை, படத்தை வைத்தே தேட உதவும் கூகுள் லென்ஸில் போட்டு, அது முதலில் எங்கே வெளியானது என்று அவர்களையே தேடச் சொன்னேன்.