பெரிய கப் சைஸ்காரங்களுக்கு நர்சிங் பிரா: பினாங்குல தேடி வாங்குனது

நர்சிங் பிராவை, அதாவது கழட்டாமலே பால் குடுக்க வசதியா இருக்குற பிராவை, எஸ், எம், எல், எக்ஸ்எல்னு எழுத்துப் போட்டு வித்துக்கிட்டு இருக்காங்க, மார்பு பெருசா இருக்குறவங்களுக்கு அந்த எழுத்து உதவவே உதவாது, இதை முதல்லயே சொல்லிடுறேன். எக்ஸ்எல் எடுத்தா முதுகுப் பட்டி தொளதொளன்னு மேல ஏறிக்கும், எல் எடுத்தா பட்டி சரியா நிக்கும் ஆனா கப்புக்கு மேல, கக்கத்துக்குப் பக்கத்துலன்னு எல்லாம் பிதுங்கும். நான் ஆயர் ஈத்தாம்ல இருக்கேன், வேலை பாயான் லெப்பாஸ்ல, பாப்பாவுக்கு இப்ப எட்டாவது மாசம் நடக்குது, இன்னும் தாய்ப்பால்தான். இப்ப நான் போட்டுட்டு இருக்குற பிரா, அதை வாங்குன கடை, அதுக்கு முன்னாடி கையில வந்து சேர்ந்தது எல்லாத்தையும் எழுதுறேன், ஏன்னா என் தங்கச்சிக்கு இது ஏழாவது மாசம், ஆபீஸ்லயும் ரெண்டு பேரு கேட்டுட்டே இருக்காங்க, வாய்ஸ் மெசேஜ்ல சொல்லி முடிக்கிற விசயம் இல்ல இது.

முதல்ல அண்ணி ஆசையா வாங்கிக் குடுத்தது. ஆன்லைன்ல 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிற வகை, தையலே இல்லாத இழுபடுற துணி, எக்ஸ்எல். இதைக் குறை சொல்ல மாட்டேன், அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு. குழந்தை பொறந்து ரெண்டாவது நாள்ல இருந்து அஞ்சாவது நாளுக்குள்ள பால் நல்லா இறங்கும் பாருங்க, அப்ப மார்பு கல்லு மாதிரி கெட்டியாயிடும், கை பட்டாலே வலிக்கும், அந்த நேரத்துல கொக்கி, கம்பி எதுவும் ஆகாது, இந்த இழுவை பிராதான் நல்லா இருந்துச்சு. ராத்திரி பேட் வச்சுக்கிட்டு படுக்குறதுக்கு இன்னமும் அதைத்தான் போடுறேன். ஆனா எழுந்து வேலை செய்யன்னு ஆரம்பிச்சா தாங்காது, துணி மொத்தமும் கீழ இழுக்கும், ரெண்டு மார்பும் ஒன்னா சேர்ந்து நடுவுல வேர்வை தேங்கும், தோள்ல வார் அறுக்கும். பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) விக்கிறதும் இதே வகைதான், வீட்டுக்குள்ள தூங்குறதுக்கு மட்டும் வாங்கிக்கோங்க.

அடுத்தது ஒரு பெரிய மால்ல இருக்குற கடை, பேரு வேணாம். அங்க ஒரு பொண்ணு நான் போட்டிருந்த பாஜு கூரோங் (தொளதொளன்னு இருக்குற மலாய் உடை) மேலயே டேப் வச்சு அளந்துட்டு 40சி எடுத்துக் குடுத்தாங்க. போட்டுப் பார்த்தா முதுகுப் பட்டி தோள்பட்டை எலும்பு வரைக்கும் ஏறுது, கப்பு பாதியில நிக்குது. "கப்பு சின்னதா இருக்கே"ன்னா "அப்ப 42 போடுங்க அக்கா, இன்னும் லூசா இருக்கும்"ங்குறாங்க. இதுதான் எல்லா இடத்துலயும் நடக்குது. கப்பு பத்தலன்னா பட்டியப் பெருசாக்கிடுறாங்க. பட்டி லூசான உடனே தாங்குற வேலை முழுசும் தோள் வாருக்குப் போயிடும், சாயந்தரம் ஆனா கழுத்து வலி, தோள்ல பள்ளம், தலைவலி வேற.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்கிடுறேன், புரிஞ்சா கடையில யாரும் உங்களை ஏமாத்த முடியாது. மார்புக்குக் கீழ சுத்தளவு எனக்கு 36 இஞ்சி, நிப்பிள் மட்டத்துல 43 இஞ்சி. பழைய முறையில கீழ்ச் சுத்தளவோட 4 இஞ்சி கூட்டுவாங்க, 36 போய் 40 ஆயிடும், 43ல இருந்து 40 கழிச்சா 3, அது சி கப். அங்கதான் 40சி வருது. கூட்டாத முறையில 36ன்னா 36தான், வித்தியாசம் 7 இஞ்சி, இங்கிலாந்து கணக்குல ஒவ்வொரு இஞ்சிக்கும் ஒரு எழுத்து, ஏ, பி, சி, டி, டிடி, இ, எஃப், ஆக 36எஃப். ஒரே பொம்பள, ஒரே டேப், ஒரு கடையில 40சி, இன்னொரு கடையில 36எஃப்! 40 பட்டியே போட்டாலும் அந்த கப்பு அளவுக்கு 40டிடி வேணும், சி இல்ல. பட்டி ஒரு அளவு ஏறுனா கப்பு எழுத்து ஒன்னு இறங்கணும், 36எஃப்பும் 38இயும் 40டிடியும் கப்பு கொள்ளளவுல ஒன்னுதான். எழுத்தும் நாட்டுக்கு நாடு மாறும், இங்கிலாந்து எஃப் வந்து ஐரோப்பாவுல ஜி. நம்மூரு லேபிள்ல 75, 80, 85னு போட்டிருப்பாங்க, அது 34, 36, 38க்கு நேர். அதனால அந்தந்த பிராண்டோட சார்ட்டைப் பார்க்காம நம்பரை மட்டும் நம்பி ஆர்டர் பண்ணிடாதீங்க, நம்பர் ஒரு ஆரம்பம்தான், போட்டுப் பார்த்துதான் முடிவு பண்ணணும்.

சரி இப்ப நல்ல கடைக்கு வரேன். கொம்தார் கோபுரத்துக்கு நடந்து போற தூரத்துல ஒரு பழைய கடைவீடு, சீன ஆன்ட்டி ஒருத்தவங்க நடத்துறாங்க, வெளிய பார்த்தா ஒன்னும் தெரியாது, உள்ள கூரை வரைக்கும் டப்பா அடுக்கி இருக்கும். விளம்பரம் பண்றேன்னு யாரும் நினைக்கக் கூடாதுன்னுதான் பேரு போடல. ஆன்ட்டி டேப்பையே அப்புறம்தான் எடுத்தாங்க. முதல்ல நான் போட்டிருந்த பிராவோட முதுகுப் பட்டியப் பிடிச்சு பின்னால இழுத்தாங்க, ஒரு கை முழுசும் உள்ள போச்சு, "பெசார் சங்காட்" (ரொம்பப் பெருசு)னு தலைய ஆட்டுனாங்க. ரெண்டு விரல் போற அளவுக்குத்தான் இருக்கணுமாம். அப்புறம் ஒவ்வொன்னா போட வச்சு குனியச் சொல்றாங்க, கப்புக்குள்ள கைய விட்டு கக்கத்துப் பக்கம் இருக்குற சதையும் முன்னால எடுத்து வைக்கச் சொல்றாங்க, அதுவும் மார்புதான், பால் இருக்குற திசு கக்கம் வரைக்கும் போகும், அதை வெளிய விட்டுட்டு அளவு பார்த்தா தப்பாத்தான் வரும். அப்புறம் "ஆங்காட் தாங்கான்", கையத் தூக்குன்னாங்க. ரெண்டு கையையும் மேல தூக்குனா கீழ்ப்பட்டி அப்படியே நிக்கணும், மார்பு அடியில எட்டிப் பார்க்கக் கூடாது. நெறைய பிரா அந்த எடத்துலயே ஃபெயில். அவசரப்படுத்தவே இல்ல, பாப்பா அழுதப்போ பின்னால நாற்காலி போட்டுக் குடுத்து ஃபேனைத் திருப்பி விட்டாங்க, புதுசா போட்ட பிராவுலயே பால் குடுத்துப் பார்க்கச் சொன்னாங்க, எந்தக் கடையில விடுவாங்க சொல்லுங்க.

எடுத்தது கம்பி இல்லாத, நம்பரும் எழுத்தும் போட்ட நர்சிங் பிரா, 38இ. விலை 180 வெள்ளி. கேட்ட உடனே நெஞ்சு அடைச்சுச்சு, ஆனா இந்த பிராவுல என்ன இருக்குன்னு சொல்றேன். கப்பு ஒரே துணியில அச்சுப் போட்ட மாதிரி இல்லாம மூனு துண்டா வெட்டித் தச்சிருக்கு, பக்கவாட்டுத் துண்டு உயரமா இருந்து மார்பை முன்னால தள்ளுது, கைய வீசி நடக்க எடம் கிடைக்குது. பின்னால கொக்கி மூனு அடுக்கு, இழுத்து மாட்ட ஆறு வரிசை, சாதாரண பிராவுல மூனு வரிசைதான் பெரும்பாலும் இருக்கும். இந்த ஆறு வரிசை எதுக்குன்னா கர்ப்பத்துல விலா எலும்பு விரியும், பிள்ளை பொறந்த பிறகு மெதுவாத்தான் சுருங்கும், அப்ப ரொம்ப லூசா இருக்குற கடைசி வரிசையில மாட்டுனதை ஒவ்வொன்னா உள்ள கொண்டு வரலாம். வார் அகலம், மெத்துன்னு இருக்கு, முன்பக்கம் இழுபடாத துணி. மேல இருக்குற கிளிப்பை ஒரே கையால திறக்க வருது, மாட்டவும் வருது, இதைக் கடையிலயே செஞ்சு பாருங்க, இன்னொரு கையில எப்பவும் புள்ள இருக்கும்.

கப்பைக் கீழ இறக்குனா உள்ள என்ன இருக்குன்னு பார்க்கறதுதான் ரொம்ப முக்கியம், இதை யாருமே சொல்றதில்ல. சிலதுல பக்கத்துல ஒரு முக்கோண வார் மட்டும் இருக்கும், கப்பு இறங்குன உடனே மார்பு மொத்தமும் கீழ விழுந்துடும், பெரிய மார்புன்னா அதை ஒரு கையில தாங்கிக்கிட்டு இன்னொரு கையில புள்ளயப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப சூசா (கஷ்டம்). சிலதுல முழு உள்துணி இருந்து நடுவுல ஓட்டை மட்டும் இருக்கும், அது தாங்கும், ஆனா ஓட்டை சின்னதா இருந்தா அந்த விளிம்பு மார்பை வளையம் போட்டு அழுத்தும். அழுத்தம் ஒரே எடத்துல இருந்துக்கிட்டே இருந்தா பால் கட்டிக்கும், அதுக்கு மேல போனா சிவந்து சூடாகி காய்ச்சல் வரும், அப்படி வந்தா பிராவை மாத்துறதோட விட்டுடாம கிளினிக்குக்குப் போயிடுங்க. நான் எடுத்ததுல முழு உள்துணி, ஓட்டை என் உள்ளங்கையை விட அகலம், விளிம்பு மடிச்சுத் தச்சிருக்கு, பால் குடுத்து முடிச்சுப் பார்த்தா தோல்ல கோடு இல்ல. கம்பி வச்சது வேணும்னா பால் அளவு ஒரு நிலைக்கு வந்த பிறகு, அதாவது ஆறு வாரமாவது தாண்டி, கம்பி மார்பு மேல ஏறாம சுத்தி உட்காருதான்னு பார்த்து வாங்கலாம், கம்பியே விஷம்னு சொல்றதெல்லாம் அதிகம், தப்பான எடத்துல குத்துற கம்பிதான் பிரச்சனை.

பத்தியத்துல இருக்குறப்போ எங்க அம்மா பெங்கோங் (வயித்துக் கட்டு) கட்டி விட்டாங்க, மலாய்க்காரங்க கட்டுற மாதிரி இடுப்புல இருந்து மேல வரைக்கும் துணிய முடிச்சு முடிச்சா. அந்தக் கட்டு பிரா பட்டி வரைக்கும் ஏறிடுச்சுன்னா பட்டிய மேல தள்ளும், மார்புக்கு அடியில எல்லாம் நெருக்கும். அம்மாகிட்ட "பிரா பட்டிக்கு ரெண்டு விரல் கீழயே கட்டு நிக்கட்டும்மா"ன்னு சொல்லி நிறுத்துனேன், வீட்டுக்கு வந்த மிஸ்ஸியும் (நர்ஸ்) அதையேதான் சொன்னாங்க. உங்க மாமியார் கட்டி விட்டாலும் பதமா சொல்லிடுங்க.

நம்மூரு வெக்கைய மறந்துட்டு பிரா வாங்கக் கூடாது. மார்பு பெருசுன்னா அடியில தோலும் தோலும் ஒட்டிக்கும், வேர்வை காயாது, சிவப்பா பொரியும், அரிக்கும். இந்த பிராவுல உள்பக்கம் காட்டன், வெளிய நைலான், ரெண்டுக்கும் நடுவுல ஸ்பான்ஜ் இல்ல, அதுதான் எனக்குப் பிடிச்சது. ஸ்பான்ஜ் வச்ச கப்பு வடிவமா இருக்கும், ஆனா பாலும் வேர்வையும் குடிச்சுட்டு நாள் முழுக்க ஈரமா உட்கார்ந்திருக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனப்போ முன்பக்கம் ஜிப் வச்ச பஞ்சாபி சூட்டுக்குள்ள இதைத்தான் போட்டேன், அந்தக் கூட்டம், அந்த வெயில், பாப்பா கையில, தண்ணீர்ப் பந்தல் ஓரமா உட்கார்ந்து துப்பட்டாவ மூடிக்கிட்டு ரெண்டு வாட்டி பால் குடுத்தேன், வீட்டுக்கு வந்து கழட்டுனப்போ தோள் வலிக்கல. புடவைக்கு மட்டும் சரிப்படாது, வார் அகலம்ங்கறதால ஜாக்கெட் கழுத்துல எட்டிப் பார்க்குது, கழுத்து ஏத்தித் தச்சா போட்டுக்கலாம்.

வேலைக்குத் திரும்புறவங்களுக்கு ஒரு விசயம். 2023 ஜனவரியில இருந்து தனியார் கம்பெனிக்கும் பிரசவ லீவு 98 நாள் ஆயிடுச்சு, அதுக்கப்புறம் ஆபீஸ்ல பம்ப் பண்ணித்தான் ஆகணும். கப்புக்குள்ள வைக்கிற வியரபிள் பம்ப் வச்சிருந்தா பிராவை வாங்கப் போறப்போ அதையும் கையோட எடுத்துட்டுப் போங்க, தச்ச கப்புக்குள்ள அது அடங்காம வெளிய தள்ளும். நான் பம்ப்புக்குன்னு அந்த இழுவை பிராவைத்தான் பையில வச்சிருக்கேன், மத்த நேரம் இது.

துவைக்கிறதுல கவனமா இருங்க. கையாலயோ வலைப் பையில போட்டு மெஷின்லயோ துவைக்கலாம், ஆனா டோபி கடை டிரையர்ல போட்டீங்கன்னா சூட்டுல எலாஸ்டிக் செத்துடும், 180 வெள்ளி போச்சு. மழை மாசத்துல காயலன்னு எங்க வீட்டுக்காரர் அள்ளிக்கிட்டு கிளம்பிட்டார், வாசல்லயே நிறுத்துனேன். கீழ்ப்பட்டிய கிளிப் போட்டு ஃபேனுக்கு நேரா தொங்க விடுங்க, வாரைப் பிடிச்சு தொங்க விட்டா ஈரத்தோட கனத்துல வார் இழுத்துக்கும்.

எப்ப வாங்கணும்னா, பகல்ல போடுறதுக்கு ஒன்னை எட்டாவது மாசத்துக்கு மேல வாங்குங்க, அன்னைக்குக் கடைசி வரிசையில மாட்டுனா சரியா இருக்கணும், கப்புல ஒரு கைக்குட்டை மடிச்சு வைக்கிற அளவு எடம் விடுங்க. மத்தது எல்லாம் பால் நிலைக்கு வந்த பிறகு. மொத்தமா முன்னாடியே வாங்கி அடுக்காதீங்க. ஆன்லைன்லதான் வாங்கணும்னா ஆஸ்திரேலியா பிராண்ட் கேக் மெட்டர்னிட்டியில சுகர் கேண்டின்னு ஒன்னு இருக்கு, எழுத்து சைஸ்தான், ஆனா எஃப்ல இருந்து ஹெச்ஹெச் கப் வரைக்கும்னு பெரிய மார்புக்கே செஞ்சது, தையல் இல்லாத வகையிலேயே வேணும்ங்கறவங்க அதைப் பார்க்கலாம்.

ஆன்ட்டி கடையில என் சைஸ்ல கருப்பும் ஸ்கின் கலரும்தான் இருந்துச்சு, ஜி கப்புக்கு மேலன்னா சொல்லி வச்சுட்டு வரணும். மதிய நேரம் கூட்டம் இல்ல, ஆனா மாடிப்படி செங்குத்து, அதனால ஸ்ட்ரோலர் வேணாம், பாப்பாவைத் தூக்கிக்க கூட யாராவது ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.