எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., ஓ.எல்.இ.டி.: எங்கள் கூடத்துக்கு ஏற்ற திரை எது?

எங்கள் கூடத்தில் 12 ஆண்டுகள் ஓடிய 32 அங்குலத் தொலைக்காட்சி பழுதாகிவிட்டதால், 55 அங்குலத்தில் புதிதாக ஒன்று வாங்குவதற்காக மூன்று வார இறுதிகள் கடை கடையாக ஏறி இறங்கினோம். அட்டைப்பெட்டிகளில் எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., மினி எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று அச்சிடப்பட்டிருக்கும் பெயர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைப் போலக் குழப்பினாலும், படத்துக்கான வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அவை இரண்டே வகையாகப் பிரிந்துவிடுகின்றன.

முதல் வகையில் வெளிச்சம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. எல்.இ.டி. டிவி என்று விற்கப்படுவது உண்மையில் எல்.சி.டி. திரைதான். அதிலுள்ள திரவப் படிகங்கள் தாமாக ஒளிர்வதில்லை. பின்னால் எரியும் எல்.இ.டி. விளக்குகளின் ஒளியை ஒவ்வொரு புள்ளியிலும் விடவோ மறைக்கவோ செய்கின்றன. முழுவதும் மறைக்க அவற்றால் முடியாததால், இரவுக் காட்சிகளில் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் படர்ந்து நிற்கிறது. கடைகளில் கியூ.எல்.இ.டி. என்று நமக்குக் காட்டப்படுவதும் இதே வகைதான். நீல ஒளியைத் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும் குவாண்டம் புள்ளிகள் என்னும் மிக நுண்ணிய துகள்கள் (2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இவற்றுக்காகவே வழங்கப்பட்டது) நிறங்களுக்குச் செழுமை சேர்ப்பதைக் கண்ணாரக் கண்டேன். ஆனால் கறுப்பை அவை ஆழமாக்குவதில்லை.

எல்.சி.டி. வகையை வாங்குவோர் பேனலையும், அதாவது திரவப் படிகங்கள் அடங்கிய திரைத் தகட்டையும், கவனிக்க வேண்டும். வி.ஏ., ஐ.பி.எஸ். என்பவை அதன் இரு வகைகள். வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் இடையிலான விகிதம் வி.ஏ. பேனலில் பெரும்பாலும் 3000க்கு 1 அல்லது அதற்கு மேல் இருக்கும், ஐ.பி.எஸ். பேனலில் ஏறத்தாழ 1000க்கு 1தான். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது வி.ஏ. பேனலில் நிறங்கள் வெளிறிவிடும். அம்மா சமையலறை வாசலில் நின்றபடியே தொடர் பார்ப்பவர் என்பதால், அவர் நிற்கும் கோணத்தை வீட்டிலேயே கணித்து வைத்துக்கொண்டு, கடையிலும் அதே கோணத்தில் நின்று பார்த்தோம்.

இரண்டாவது வகையான ஓ.எல்.இ.டி.யில் பின்விளக்கே கிடையாது. 4கே திரையிலுள்ள ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகளும் தாமே ஒளிர்கின்றன. கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்துவிடுகிறது. பென்டிரைவில் கொண்டுசென்ற ஓர் இரவுக் காட்சியை அதில் ஓடவிட்டபோது, கூரையின் விளிம்பு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்பதை முதன்முறையாகப் பிரித்துப் பார்த்தேன். வாங்கிவிடலாம் என்றே மனம் சொன்னது. எங்கள் வீட்டு நிலைமைதான் தடுத்தது. அப்பா காலை ஆறு மணிக்கு வைக்கும் செய்தி அலைவரிசை இரவுவரை ஓடும்; அதன் முத்திரையும் அடியில் ஓடும் எழுத்துப் பட்டையும் இடம் மாறுவதே இல்லை. ஓ.எல்.இ.டி.யின் கரிமப் பொருள் ஒளிர ஒளிரத் தேய்வதால், ஒரே இடம் ஓயாமல் ஒளிர்ந்தால் அங்கே நிழல் போன்ற தடம் நிலைத்துவிடும். முத்திரையை மங்கச் செய்வது போன்ற பாதுகாப்புகள் இருந்தாலும், அவை அந்த ஆபத்தைத் தள்ளிப்போடுகின்றனவே தவிர நீக்குவதில்லை. மேலும், திரை முழுவதும் வெளிச்சமாக இருக்கும் காட்சிகளில் அது தன் ஒளியைக் குறைத்துக்கொள்கிறது; கிழக்குச் சன்னல் திறந்திருக்கும் எங்கள் கூடத்தில் பகல் நேரக் கிரிக்கெட் ஆட்டம் பார்க்க அது பொருந்தாது.

ஆகவே, பின்விளக்கைப் பல நூறு பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே மங்கச் செய்யும் மினி எல்.இ.டி. ஒன்றை, வி.ஏ. பேனலுடன் தேர்ந்தெடுத்தோம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் கைகொடுத்தது. எத்தனை பகுதிகள் என்ற எண்ணிக்கையைக் கேட்காமல் இவ்வகையை வாங்கக் கூடாது. பகுதிகள் குறைவாக இருந்தால் மினி எல்.இ.டி. என்ற பெயருக்குப் பொருளே இல்லை.

கடையில் ஓடும் மினுமினுக்கும் விளம்பரப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். படத்தை சினிமா அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு சாதாரணக் கேபிள் அலைவரிசை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். எஸ்.டி. எனப்படும் சாதாரணத் தர ஒளிபரப்பில் 720க்கு 576 புள்ளிகளே உள்ளன. 4கே திரையில் அதைப் போல 20 மடங்கு. எனவே நாம் பார்க்கும் ஒவ்வொரு 20 புள்ளிகளிலும் 19ஐத் தொலைக்காட்சியே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. விலை ஒன்றாக இருந்த இரு பெட்டிகளில், ஒன்றில் செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகு பூசியது போலவும் மற்றொன்றில் இயல்பாகவும் தெரிந்ததற்கு இதுவே காரணம்.

நான்கு மாதங்களாகப் பயன்படுத்துகிறோம். பகலில் திரைச்சீலையை மூட வேண்டிய தேவையே வரவில்லை. இருட்டில் வெள்ளை எழுத்துகளைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரிகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. பெட்டிக்குப் பின்னால் சுவரில் சிறு விளக்கொன்றை எரியவிட்ட பிறகு அது கண்ணை உறுத்துவதில்லை. படுக்கையறைக்கு, இரவில் திரைப்படம் பார்க்க மட்டும் என்று இன்னொன்று வாங்கும் நாள் வந்தால், தயங்காமல் ஓ.எல்.இ.டி.யையே வாங்குவேன்.