ஓபோ ரீட்: லாங் ஸ்கிரேப்பா, ஷார்ட் ஸ்கிரேப்பா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னைத் தவிர ஓபோ என்ற மேற்கத்திய ஊதுகருவி வாசிக்கிறவர் இருப்பதாகத் தெரியவில்லை. வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான ரீட் வாங்கினால் தபாலில்தான், பிடிக்கவில்லை என்றால் கடையில் போய் மாற்றவும் வழியில்லை. கையால் சீவிச் செய்யும் ரீட்டில், சீவல் நீளமான லாங் ஸ்கிரேப், குட்டையான ஷார்ட் ஸ்கிரேப் என்ற இரண்டு வகையையும் வருஷக்கணக்கில் மாற்றி மாற்றி வாசித்துவிட்டேன். இந்த ஊர் வெக்கைக்கு ஷார்ட் ஸ்கிரேப்தான்.

ஷார்ட் ஸ்கிரேப் ஐரோப்பியப் பாணி. நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடப் போனால் அவ்வளவுதான் சீவியிருப்பார்கள், கீழே பட்டை அப்படியே இருக்கும். லாங் ஸ்கிரேப் அமெரிக்கர்களுடையது, ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவில் 1915 முதல் 1954 வரை வாசித்த மார்செல் டபுட்டோவின் வழி. நுனி, அதன் கீழே ஹார்ட் என்கிற கனமான பகுதி, அப்புறம் இரண்டு பக்கமும் விண்டோ என்கிற மெலிந்த பகுதி என்று சீவல் நூல்கட்டுக்குக் கிட்ட வரை இறங்கும்.

சத்தத்தில் லாங் ஸ்கிரேப்புக்குத்தான் என் ஓட்டு. உருண்டையாக, அடக்கமாக வரும். ரீட்டை மட்டும் தனியாக ஊதினால் ஸி (C) என்ற ஸ்வரம் இரண்டு ஸ்தாயியிலும் சேர்ந்து கேட்க வேண்டும், கேட்டுவிட்டால் சுருதிக்காக உதட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஏசி மண்டபத்தில் சொர்க்கம். ஆனால் இங்கே சாயங்கால மழை பிடித்ததும் நாணல் ஈரம் குடித்து வாய் விரிந்துகொள்ளும், காலையில் ஒழுங்காக இருந்த ரீட் ஊத ஊத மூச்சை முட்டும், பக்கவாட்டில் காற்றுக் கசிவு வேறு, அதற்கு ஹார்ட்வேர் கடை டெஃப்லான் டேப்தான் மருந்து. கத்தி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, விண்டோவில் லேசாகச் சுரண்டினால் இறுக்கம் குறையும், கூடவே சுருதியும் கொஞ்சம் இறங்கும். தெரியாதவர்களுக்குத் தலைவலி. அமெரிக்காவிலிருந்து தருவித்தால் தபால் செலவும் தனி.

ஷார்ட் ஸ்கிரேப் கொஞ்சம் கூர்மையாகக் கத்தும், மேல் ஸ்வரங்களில் உதடு சும்மா இருக்க முடியாது. ஆனாலும் பள்ளி மண்டபமோ கோயில் கொட்டகையோ, எடுத்ததும் ஒலிக்கும்.

எதை வாங்கினாலும் ஒரே ஒரு ரீட்டை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். எங்கள் கோயில் நாதஸ்வரக்கார அண்ணன் நாதஸ்வரத்தின் ரீட்டான சீவாளி நாலைந்தைக் கயிற்றில் தொங்கவிட்டே வாசிக்கிறார், ஒன்று முரண்டு பிடித்தால் அடுத்தது. வாசித்து முடித்ததும் துடைத்து, டப்பாவைத் திறந்தே காய விடுங்கள், இறுக்கி மூடினால் பூஞ்சை பூத்துவிடும். ஆர்டர் போடும்போது, நாணலைக் கட்டியிருக்கும் குழாயான ஸ்டேபிள் 47 மில்லிமீட்டர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், 46 வந்தால் சுருதி சற்று ஏறும்.